மூட்டு ஊசி: நிம்மதிக்குப் பிறகு என்ன?

வீங்கிய முழங்காலில் முதலில் நீரை எடுப்பார்கள். வைக்கோல் நிறத்தில், கொஞ்சம் கொழகொழப்பாக சிரிஞ்சு நிறைய வரும். நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தேய்மானம். கலங்கி வந்தால் அழற்சி. சீழ்போல் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நீர் எடுத்தபின் ஊசியை மூட்டிலேயே அசையாமல் பிடித்துக்கொண்டு சிரிஞ்சை மட்டும் மாற்றி, நன்றாகக் குலுக்கிய பால் நிற மருந்தைச் செலுத்துவார்கள். ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், கூடவே மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் கொஞ்சம். எல்லாம் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த அம்மா, பிடி இல்லாமல் நடந்து வெளியே போவார்.

அந்த முதல் நடை லிக்னோகெய்ன் தந்தது. சில மணி நேரத்தில் அது இறங்கிவிடும். அன்று இரவோ மறுநாளோ சிலருக்கு வலி முன்பைவிடக் கூடுவதும் உண்டு. ஸ்டீராய்டு மூட்டுக்குள் தன் வேலையைத் தொடங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதன்பிறகுதான் உண்மையான நிம்மதி வரும். அது எத்தனை வாரம் நீடிக்கும், யாருக்கு நீடிக்கும், அதற்கு உடம்பு என்ன கொடுக்கிறது என்பவற்றை ஊசி போடுபவரும் போட்டுக்கொள்பவரும் பேசிக்கொள்வது குறைவு. மருந்தின்மேல் எனக்குப் புகார் இல்லை, அது நல்ல மருந்து. ஆனால் எந்த நோய்க்கு அது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காமல், அது வாங்கித் தரும் அவகாசத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், வலித்தால் வந்து மறுபடி போட்டுக்கொள் என்று அனுப்பும் பழக்கத்தைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

இந்த ஊசியின் கதை 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தொடங்குகிறது. முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு, மருத்துவர் பிலிப் ஹென்ச்சும் அவர் குழுவும் ‘காம்பவுண்ட் ஈ’ என்று அப்போது அழைக்கப்பட்ட கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டைத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார், கடைத்தெருவுக்கும் போய்வந்தார். மஞ்சள் காமாலை வந்தபோதும் கர்ப்ப காலத்திலும் மூட்டுவலி தணிவதை ஹென்ச் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர். உடம்பு தானே சுரக்கும் ஏதோ ஒன்று வலியைத் தணிக்கிறது என்ற அவருடைய ஊகத்துக்குக் கிடைத்த பதில் அது. 1950-இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வருவதற்குள்ளேயே மருந்தின் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. முகம் ஊதியது, மனம் குழம்பியது, மருந்தை நிறுத்தினால் நோய் பழையபடி திரும்பியது.

உடம்பு முழுக்கப் பரவும் மருந்தை, வலிக்கும் ஒரு மூட்டோடு நிறுத்திவிட முடியாதா? பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் ஹாலண்டர் இதற்கு 1951-இல் வழி சொன்னார். கார்டிசோனை நேராக மூட்டுக்குள் போட்டால் பலன் சுமார்தான், ஏனென்றால் கல்லீரல் அதை ஹைட்ரோகார்டிசோனாக மாற்றிய பிறகே அது வேலை செய்யும். ஹைட்ரோகார்டிசோனையே மூட்டுக்குள் செலுத்தினால் வீக்கம் வடிந்தது. எளிதில் கரையாத படிக வடிவங்கள் பின்னால் வந்தன. அவை மூட்டு உறைக்குள் தங்கி மெல்ல மெல்லக் கரைகின்றன. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் செல்களுக்குள் நுழைந்து, அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்கள் உற்பத்தியாகும் இடத்திலேயே தடுக்கின்றன. ஹாலண்டரின் அடிப்படை யோசனை எழுபது ஆண்டு கடந்தும் மாறவில்லை. மருந்து வலி உள்ள இடத்தில் நிற்க வேண்டும், மற்ற இடத்துக்குப் போகக் கூடாது என்பதே அந்த யோசனை. அதில் முதல் பாதி நன்றாக நிறைவேறியது. இரண்டாம் பாதி ஓரளவுதான் நிறைவேறியது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அழற்சியே நோயாக இருக்கும் இடத்தில் இந்த ஊசிக்கு ஈடு குறைவு. யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து ஒரே இரவில் முழங்கால் சிவந்து கொதிக்கும் கவுட் நோயாளியை எண்ணிப் பாருங்கள். போர்வை பட்டாலே துடிப்பார். அவருக்குச் சிறுநீரகமும் பழுது என்றால் வழக்கமான வலி மாத்திரைகளைக் கொடுக்க முடியாது. கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டால், ஓரிரு நாளில் காலை ஊன்ற முடியும். முடக்குவாதத்திலும் அப்படித்தான். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்து பிடிக்க ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம்வரை ஆகும். அந்த இடைவெளியில் ஒரு முழங்கால் மட்டும் வீங்கி முரண்டு பிடித்தால், ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதைவிட அந்த ஒரு மூட்டில் ஊசி போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். சிறுவர்களுக்கு வரும் மூட்டு அழற்சியில், ஒன்றிரண்டு மூட்டு மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்று. முழங்கால் மடங்கியே இறுகிப்போவதையும், ஒரு கால் மற்றதைவிட நீளமாக வளர்ந்துவிடுவதையும் இது தடுக்க உதவுகிறது.

மூட்டுக்கு வெளியிலும் சில இடங்கள் உண்டு. விரலை மடக்கினால் நிமிராமல் சிக்கி, பிறகு ‘டக்’கென்று விடுபடும் ட்ரிகர் ஃபிங்கருக்கு ஒன்றிரண்டு ஊசியிலேயே பாதிப் பேருக்கு மேல் அறுவைச் சிகிச்சை இல்லாமல் தப்பிக்கிறார்கள். தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டரின் தொடக்கத்தில், தூக்கத்தைக் கெடுக்கும் அந்த வலிக்கட்டத்தில், ஊசியும் கூடவே பயிற்சியும் நன்றாகக் கைகொடுக்கும். இவற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பயந்து, உண்மையில் பயன்படக்கூடிய இடத்திலும் ஊசியை மறுத்துவிட்டு வலியோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் நம்மிடையே நிறைய உண்டு.

சிக்கல் முழங்கால் தேய்மானத்தில்தான் தொடங்குகிறது. ஊசிக்கு வருவோரில் பெருங்கூட்டம் தேய்மான நோயாளிகளே. இங்கே அழற்சி உண்டு, ஆனால் நோயின் ஒரு பகுதிதான் அது. குருத்தெலும்பு தேய்ந்திருக்கும், தொடைத் தசை மெலிந்திருக்கும், உடல் எடை கூடியிருக்கும், கால் வளைந்திருக்கும். ஊசி இவற்றில் எதையும் தொடுவதில்லை. முழங்கால் தேய்மானத்துக்கான ஆய்வுகள் 27-ஐ ஒன்றுசேர்த்து 2015-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பலன் வாரங்கள் செல்லச் செல்லத் தேய்ந்து, ஆறாவது மாதத்தில் பலன் இருப்பதற்கே ஆதாரம் இல்லை என்று கண்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: நிவாரணம் இரண்டு முதல் பத்து வாரம்வரைதான் என்பதை நோயாளியிடம் விளக்க வேண்டும். மற்ற மருந்துகள் உதவாதபோதோ, உடற்பயிற்சிக்குத் துணையாகவோதான் ஊசியை எண்ணிப்பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இரண்டு வாரம் முதல் பத்து வாரம் என்பது குறைவு என்று நான் சொல்லமாட்டேன். வலியில் தூங்காதவருக்குப் பத்து வாரம் பெரிய விஷயம். ஆனால் பத்து வாரம் முடிந்து மறுபடி வந்து நிற்கும்போது என்ன செய்வது? மறுபடி ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு மூன்று நான்கு என்று மருத்துவ உலகில் நிலைத்துவிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் அனுபவ வழக்கமாக வந்ததே தவிர, உறுதியான ஆய்வில் எழுதப்பட்ட எல்லை இல்லை.

இந்தக் கணக்கை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. டிமதி மெக்கலிண்டனும் சகாக்களும் முழங்கால் தேய்மானமும் சவ்வு வீக்கமும் உள்ள 140 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை ட்ரையாம்சினோலோன் 40 மில்லிகிராம், மற்ற குழுவுக்கு வெறும் உப்புநீர் என்று இரண்டு ஆண்டு போட்டார்கள். வலியில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எம்ஆர்ஐயில் அளந்தபோது, குருத்தெலும்பின் தடிமன் மட்டும் ஸ்டீராய்டு குழுவில் 0.21 மில்லிமீட்டர் குறைந்தது, உப்புநீர்க் குழுவில் 0.10 மில்லிமீட்டர் குறைந்தது.

‘ஸ்டீராய்டு ஊசி மூட்டை அரிக்கிறது’ என்று அப்போது பல தலைப்புகள் வந்தன. நிதானமாகப் பார்த்தால் இந்த ஆய்விலும் ஓட்டைகள் உண்டு. வலியை அளந்தது 12 வாரத்துக்கு ஒருமுறை, அதாவது முந்தைய ஊசியின் பலன் வற்றிய பிறகு. நடுவில் கிடைத்த நிம்மதி அந்த அளவையில் விழவே இல்லை. 0.11 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒருவரின் நடையில் எந்த அளவுக்குத் தெரியும் என்பதும் தெளிவில்லை. முன்னதாக 2003-இல் ரேனோ குழுவினர் இதேபோல் இரண்டாண்டு ஊசி போட்டு எக்ஸ்ரேயில் பார்த்தபோது, மூட்டு இடைவெளி கூடுதலாகக் குறுகவில்லை. எக்ஸ்ரே குருத்தெலும்பைக் காட்டாது, எம்ஆர்ஐ காட்டும் என்பது இரண்டு முடிவுகளுக்கும் இடையே உள்ள முரணில் ஒரு பகுதியையாவது விளக்கும். ஆகவே ஒற்றை ஊசியால் மூட்டு கெட்டுவிடும் என்று பயமுறுத்துவது தவறு. இரண்டு ஆண்டு விடாமல் போட்டுக்கொண்டால் நன்மை கூடாது, தீமை கூடலாம் என்பதுதான் இந்த ஆய்வுகளிலிருந்து நேர்மையாக எடுக்கக்கூடிய முடிவு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2020-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் கெயில் டெய்ல் தலைமையில் 156 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்குப் பிசியோதெரபி. ஓராண்டு கழித்து வலி, விறைப்பு, நடமாட்டச் சிரமம் மூன்றையும் சேர்த்து அளக்கும் அளவுகோலில், ஊசிக் குழுவின் சராசரி 55.8, பிசியோதெரபிக் குழுவின் சராசரி 37.0. எண் குறைந்தால் நிலைமை நல்லது என்று பொருள். இரண்டு குழுவுமே தொடக்கத்தில் 100-க்கு மேல் இருந்தவை. ஊசி போட்டவர்களுக்கும் முன்னேற்றம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தசையைப் பழக்கியவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

தேய்மானத்திலாவது விவாதத்துக்கு இடம் உண்டு. முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் டென்னிஸ் எல்போவில் அதுவும் குறைவு. துணி துவைப்பவர், முறுக்குப் பிழிபவர், ஸ்பேனர் பிடிப்பவர் எல்லோருக்கும் வரும் வலி இது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கூம்ப்ஸ் குழுவினர் 165 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காவது வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் நிலைமை தலைகீழ். நன்கு குணமானவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 83 சதவீதம், போலி ஊசிக் குழுவில் 96 சதவீதம். வலி திரும்ப வந்தது ஸ்டீராய்டு குழுவில் 54 சதவீதம் பேருக்கு, மற்றதில் 12 சதவீதம் பேருக்கு. சும்மா விட்டிருந்தாலே ஆறியிருக்கக்கூடிய கையை ஊசி பின்னுக்கு இழுத்தது என்று சொல்வது மிகையாகாது. டென்னிஸ் எல்போ போன்ற தசைநாண் பழுதில் அழற்சியின் பங்கு சிறிது, நார்களின் சிதைவுதான் பெரிது. அழற்சியை அடக்கும் மருந்து அங்கே ஆறும் வேலையையும் சேர்த்து அடக்குகிறது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் தசைநாணிலோ அதன் அருகிலோ போட்டால் அது அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. நோயாளி அறிவதோ முதல் நான்கு வாரத்தின் வெற்றியை மட்டும். பிறகு வலி திரும்பினால், ‘ஊசி போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு’ என்று இன்னொரு ஊசிக்கு வந்து நிற்கிறார். இந்தச் சுழலில் அவர் செய்யும் பிழை எதுவும் இல்லை. அவரிடம் யாரும் ஓராண்டுக் கணக்கைச் சொல்லவில்லை.

மருந்து மூட்டிலேயே நிற்பதில்லை என்று சொன்னேனே, அதை நம் மக்கள் முதலில் உணர்வது சர்க்கரையில். மூட்டில் கரையும் ஸ்டீராய்டில் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென ஏறி, ஒரு வாரம்வரை உயரத்திலேயே நிற்கலாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது. ஃப்ரோசன் ஷோல்டரும் ட்ரிகர் ஃபிங்கரும் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் அதிகம் வருகின்றன. அதாவது ஊசி அதிகம் தேவைப்படுகிறவர்களும் ஊசியால் சர்க்கரை அதிகம் ஏறுகிறவர்களும் ஒரே ஆட்கள். இவர்களுக்கு ஊசியே கூடாது என்பதில்லை. முன்கூட்டியே சொல்லி, ஒரு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லி, இன்சுலின் அளவைச் சர்க்கரை மருத்துவரிடம் பேசிக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சொல்லாவிட்டால் என்ன நடக்கிறது? நாக்கு வறண்டு, இரவெல்லாம் சிறுநீர் போய், 400-ஐத் தொட்ட சர்க்கரையோடு வேறொரு மருத்துவமனையில் நிற்பவர், மூன்று நாளுக்கு முன்பு தோளில் போட்ட ஊசியை இதோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. மாம்பழம் சாப்பிட்டதுதான் காரணம் என்று வீட்டில் திட்டு வேறு வாங்குவார்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி பட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழலாம், மாநிறத்தவரிடம் அது பளிச்சென்று தெரியும். சில பெண்களுக்கு மாதவிடாய் முன்பின்னாகும். மூட்டுக்குள் கிருமி நுழைவது மிக அரிது, நுழைந்தால் மூட்டே போய்விடலாம். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஊசி போட்டிருந்தால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அறுவைக்கு நாள் குறித்தவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மருந்து தயாராகும் இடத்தின் சுத்தமும் இதில் அடக்கம். 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக் கலப்பு மையத்தில் தயாரான ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து, 20 மாநிலங்களில் 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள். மூட்டில் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

ஸ்டீராய்டின் கெட்ட பெயரை வைத்து இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. ‘இது ஸ்டீராய்டு இல்லை’ என்று சொல்லியே ஜெல் ஊசியையும், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியையும் பல மடங்கு விலையில் விற்கிறார்கள். மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டீராய்டு ஊசியைப் பரிந்துரைத்தது. பிஆர்பி வேண்டாம் என்று உறுதியாகவும், ஜெல் ஊசி வேண்டாம் என்று சற்றே தளர்வாகவும் சொன்னது. விலை கூடியது என்பதாலேயே அது மேலானது ஆகிவிடாது.

ஏன் மக்கள் ஊசியையே கேட்கிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம், அநியாயமும்கூட. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கு ஊசி ஒரு மதியத்தோடு முடிகிறது. பிசியோதெரபி என்றால் ஆறு வாரம், வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பஸ் கட்டணம், அரை நாள் கூலி. மருத்துவருக்கும் அப்படித்தான். நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் தொடைத் தசைப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம் யாரிடம் இருக்கிறது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களை ஊசி போட்ட அன்றே அந்தத் திட்டத்தோடு இணைத்துவிட முடியுமானால், இந்தச் சிகிச்சையின் பெரிய குறையே தீர்ந்துவிடும். வலி தணிந்திருக்கும் முதல் எட்டு வாரம்தான் தசையைத் தேற்றத் தோதான காலம். வலியோடு காலை நீட்டி மடக்குவது கடினம், வலி திரும்பிய பிறகும் கடினம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சிக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அந்த எட்டு வாரத்தை வீணாக்கிவிட்டு அடுத்த ஊசிக்குத் தேதி குறிப்பதைச் சிகிச்சை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சீட்டில் எழுதாமல் விடுவது இன்னொரு பெரிய குறை. ‘ஊசி போடப்பட்டது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு என்ன மருந்து, எவ்வளவு, எந்த மூட்டில், என்றைக்கு என்று எதுவும் தெரியாது. ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் இரண்டு ஊசி வாங்கிக்கொண்டவர்களின் கதை இப்படித்தான் நடக்கிறது. ஆகவே, மூட்டில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் மருந்தின் பெயரையும் அளவையும் தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். முழங்கை வலிக்கு ஊசி என்றால், ஓராண்டு கழித்து என்ன ஆகும் என்று கேளுங்கள். முழங்காலுக்கு என்றால், கிளம்புவதற்குள் எந்தப் பயிற்சியை என்றைக்குத் தொடங்க வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.